சர்க்கரைத் தீவுகள் – 4: மூவாயிரம் ராத்தல் அபராதம்

சென்ற வாரம் பிரேசிலின் பெர்னாம்புகோ கரும்புத் தோட்டங்களில் நின்றோம். டச்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த அந்தத் தோட்டங்களில் சர்க்கரை காய்ச்சும் வித்தை கடல் தாண்டிப் போனது என்று சொல்லியிருந்தேன். போய்ச் சேர்ந்த இடம் பார்படாஸ். மொத்தமே 430 சதுர கிலோமீட்டர் உள்ள தீவு.

1627 பிப்ரவரியில் ஹென்றி பவல் என்ற கப்பல் தலைவர் அங்கே சுமார் 80 ஆங்கிலேயர்களைக் கொண்டுவந்து இறக்கினார். வரும் வழியில் பிடித்த பத்து ஆப்பிரிக்கர்களும் அதே கப்பலில் இருந்தார்கள். பணம் போட்டவர் வில்லியம் கோர்ட்டீன் என்ற லண்டன் வணிகர். தீவில் அப்போது குடியிருப்போர் யாருமில்லை. காடுதான். எதைப் பயிரிடுவது, எப்படிப் பயிரிடுவது என்று வந்தவர்களுக்குத் தெரியவில்லை. பவல் கயானாவுக்குப் போய், அங்கிருந்த பழங்குடிகள் முப்பது சொச்சம் பேரை விதையோடும் கிழங்கோடும் அழைத்து வந்தார். விவசாயம் சொல்லித்தர, சுதந்திர மனிதர்களாக வந்தவர்கள் அவர்கள். சில ஆண்டுகளில் அவர்களையும் அடிமையாக்கிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து, அவர்களில் மிஞ்சியவர்களை விடுவிக்கச் சொல்லி அதே பவல் மனுப் போட வேண்டியிருந்தது.

முதலில் புகையிலை போட்டார்கள். வர்ஜீனியா இலையின் முன் அது நிற்கவில்லை. பருத்தி கொஞ்ச காலம் ஓடியது. அதுவரை வயலில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஒப்பந்தம் போட்டு வந்த ஏழை வெள்ளையர்கள்.

1640களில் ஜேம்ஸ் டிராக்ஸ் போன்ற தோட்ட முதலாளிகள் கரும்புக்கு மாறினார்கள். அதன்பின் நிலத்துக்கு வந்த விலையைக் கேளுங்கள். 1647-இல் தீவுக்கு வந்த ரிச்சர்ட் லிகான் எழுதி வைத்திருக்கிறார்: 500 ஏக்கர் தோட்டம் ஒன்றைக் கரும்புக்கு முன் 400 பவுனுக்கு முழுதாகவே வாங்கியிருக்கலாம். இப்போது அதில் பாதி, அடிமைகளிலும் தட்டுமுட்டிலும் பாதி சேர்த்து, 7,000 பவுனுக்குப் போனது. வாங்கியவர் தாமஸ் மாடிஃபோர்ட். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

நம்மூரில் கரும்பு ஆட்டியவர்களுக்குத் தெரியும், வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஓரிரு நாளில் ஆட்டிக் காய்ச்சாவிட்டால் சாறு கெட்டுவிடும். எனவே வயலும் ஆலையும் ஒரே முதலாளியின் கையில், ஒரே கடிகாரத்தில் ஓடியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு மூட்டிய அடுப்பு சனி இரவுவரை அணையாது என்கிறார் லிகான். வரிசையாகச் செப்புக் கொப்பரைகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கொதிக்கும் பாகை மொண்டு ஊற்ற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கரும்பு ஆட்டும் உருளையில் கை மாட்டினால் வெட்டி எடுக்க, கரீபியன் ஆலைகளில் பக்கத்திலேயே கோடரி வைத்திருப்பார்கள். தொழிற்புரட்சி மான்செஸ்டர் பஞ்சாலையில் தொடங்கியது என்று பள்ளியில் படித்தோம். முறைப்பணி, ஓயாத உலை, பிரித்துக் கொடுத்த வேலை எல்லாம் அதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தியே இந்தத் தீவில் இருந்தன. கூலி மட்டும்தான் இல்லை.

ஒப்பந்தக்காரர்களை விட்டு ஆப்பிரிக்க அடிமைகளுக்கு முதலாளிகள் மாறியதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒப்பந்தக்காரன் ஐந்தாண்டுச் சொத்து. அதற்குள் அவனைப் பிழிந்துவிடுவதே லாபம். அடிமை ஆயுளுக்கும் சொத்து, அதனால் அவனைச் சற்றுக் கவனித்துக்கொள்வார்கள் என்று லிகான் கருதினார். அந்தக் கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. சர்க்கரை லாபம் கொழிக்கும்போது, பிள்ளை பெற்று வளரவிடுவதைவிட அடுத்த கப்பலில் ஆள் வாங்குவது மலிவாகப் பட்டது. அடிமை வணிகக் காலம் முழுவதிலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆப்பிரிக்கர்கள் பார்படாஸில் இறக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒரு பகுதியினர் வேறு தீவுகளுக்கு விற்கப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் 1834-இல் அடிமை முறை ஒழிந்தபோது தீவில் எஞ்சியிருந்த அடிமைகள் சுமார் 83,000 பேரே.

சட்டம் லாபத்தின் பின்னால்தான் நடந்து வந்தது. 1636-இல் ஆளுநர் ஹாலியின் சபை ஒரு தீர்மானம் போட்டது: முன்கூட்டியே ஒப்பந்தம் இல்லாத நீக்ரோக்களும் இந்தியர்களும் (கயானாப் பழங்குடிகளைச் சொல்கிறார்கள்) ஆயுள்வரை உழைக்க வேண்டும். அவ்வளவுதான். கரும்பு வந்து, 1660 வாக்கில் கறுப்பர் தொகை வெள்ளையரை எட்டிப் பிடித்ததும் துரைமார்களுக்கு அச்சம் பிடித்தது. 1661-இல் இரண்டு சட்டங்கள் செய்தார்கள். வெள்ளை ஒப்பந்தக்காரருக்கு ஒன்று; அவர் நீதிமன்றம் போகலாம். அடிமைக்கு இன்னொன்று, அதில் தோட்டத்தை விட்டு நகரச் சீட்டு வேண்டும், குடிசையில் ஆயுதம் இருக்கிறதா என்று சோதனை நடக்கும், வெள்ளையரை அடித்தால் சவுக்கு, அதற்குமேல் மூக்கை அறுப்பது, சூடு போடுவது.

தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் முதலாளிக்குக் குற்றமில்லை. வேண்டுமென்றே கொன்றால் மட்டும் அபராதம் உண்டு. அந்தச் சட்டத்தில் என்னை வெகுநேரம் நிறுத்திய வரி இதுதான். தன் அடிமையைக் கொன்றவர் பொதுக் கருவூலத்துக்குச் செலுத்த வேண்டியது 3,000 ராத்தல் நாட்டுச் சர்க்கரை. பிறர் அடிமையைக் கொன்றால் அதிகம். அங்கே இன்னொரு முதலாளியின் சொத்தல்லவா சேதமாகிறது!

400 பவுன் தோட்டத்தின் பாதியை 7,000 கொடுத்து வாங்கிய மாடிஃபோர்ட் 1664-இல் ஜமைக்காவின் ஆளுநராகப் போனார். பார்படாஸைப்போல் இருபத்தைந்து மடங்கு பெரிய தீவு அது. அதே ஆண்டில் பார்படாஸ் அடிமைச் சட்டம் அங்கேயும் சட்டமானது. 1670-இல் பார்படாஸில் நிலம் கிடைக்காதவர்கள் சிலர் அமெரிக்கக் கரையில் கரோலினாவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே விளைந்தது கரும்பல்ல, நெல். அந்தச் சேற்றில் இறங்கியவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)