தினம் உரசும் இடத்தில் விழிக்கும் நொதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குபவர்கள், வெல்டிங் செய்பவர்கள், ரசாயனம் கையாள்பவர்கள் எனப் பலரும் உண்டு. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. "இத்தனை வருஷமா இந்தப் புகையிலதான் நிக்கிறேன், ஒண்ணும் ஆகல" என்பார்கள். புற்றுநோயைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியதே அந்த 'இத்தனை வருஷ'த்துக்குத்தான்.

வளர்ச்சிக்கு வேண்டிய மூவர்

அது ஏன் என்று புரிய, செல்களின் வளர்ச்சிக்கு வேண்டிய மூன்று பொருட்களிலிருந்து தொடங்க வேண்டும்: புட்ரசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். பாலிஅமீன்கள் எனப்படும் இவை நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. புண் ஆறவும், கருவில் குழந்தை வளரவும் இவை வேண்டும். நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் 1678-லேயே விந்துவில் ஸ்பெர்மின் படிகங்களைப் பார்த்துவிட்டார்.

ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தைப் புட்ரசினாக மாற்றுவது ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ், சுருக்கமாக ஓடிசி, என்ற நொதி. அற்பாயுசு அதற்கு; உண்டான அரை மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். வேண்டும்போது மட்டும் செய்துகொண்டு உடனே அழித்துவிடுவது உடலின் ஏற்பாடு. பல புற்றுக்கட்டிகளில் இந்தக் கட்டுப்பாடு குலைகிறது. ஓடிசி ஓயாமல் உற்பத்தியாக, பாலிஅமீன்கள் பெருகி, செல்கள் பிரிந்துகொண்டே போகின்றன.

எலித்தோலும் நேர்வாளமும்

எலியின் தோலில் புற்றூக்கி (புற்றுநோயை உண்டாக்கும் பொருள்) ஒன்றைச் சிறிதளவு ஒரே ஒரு முறை தடவினால் பெரும்பாலும் கட்டி வருவதில்லை. அதே இடத்தில் நேர்வாள எண்ணெயிலிருந்து பிரித்த எரிச்சலூட்டும் பொருளை வாரக்கணக்கில் தடவிவந்தால் கட்டிகள் முளைக்கின்றன. சித்த மருத்துவத்தில் பேதிக்குத் தரும் அதே நேர்வாளம்தான். தடவிய சில மணி நேரத்திலேயே தோலில் ஓடிசி பல மடங்கு எகிறுவதை 1975-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தடவும் இடைவெளியை நன்றாக நீட்டிவிட்டால் கட்டிகள் குறைந்துவிடுகின்றன என்பதும் தெரிந்தது.

எலிக் கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் கன்னத்தில் மணிக்கணக்காக அடக்கிவைக்கும், பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க அதைப் போடுகிறவர்கள் நிறைய. புகையிலை சேராத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் புற்றூக்கியாக அறிவித்தது. வெல்டிங் புகையை 2017-இல் அதே பட்டியலில் சேர்த்தது.

மருந்தாகவும், வியாபாரமாகவும்

ஓடிசியை முடக்கும் மருந்து எஃப்ளோர்னிதின். முதலில் கைகொடுத்தது ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு. பிறகு பெண்களின் முகத்தில் முளைக்கும் முடியைக் குறைக்கும் கிரீமாகவும் விற்றது. 2023 டிசம்பரில், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்று சிகிச்சைக்குப் பின் திரும்பாமல் தடுக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செவித்திறன் குறைவது இதன் பக்கவிளைவுகளில் ஒன்று.

இன்னொரு பக்கம், இளமை காக்கும் என்று ஸ்பெர்மிடின் மாத்திரை விற்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். பாலிஅமீன் இருக்கிறதே என்று சோயாவையும் காளானையும் ஒதுக்குவதும் வீண் வேலை. உடல் தானே அதைத் தயாரித்துக்கொள்ளும்.

எப்போது போய்க் காட்டுவது

புற்றுநோயாளிகளின் சிறுநீரில் பாலிஅமீன் கூடுவதை 1971-லேயே கண்டார்கள். வேறு நோய்களிலும் கூடுவதால் அது நம்பகமான பரிசோதனையாக நிலைக்கவில்லை. ஆகவே பாக்கு, மாவா போடுகிறவர்கள் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்ப்பதே இங்கே நடைமுறைக்கு ஒத்து வரும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, கழுத்தில் வீக்கம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். தேவைப்பட்டால் சதையில் துளி எடுத்துச் சோதிப்பார்கள். 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் எட்டும் தூரம்தான்.

போடும் பாக்கை மட்டுமல்ல, வேலையில் எந்தப் புகை, எந்த ரசாயனம், எத்தனை ஆண்டு என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு. காண்டிராக்ட் ஆட்களுக்கும்தான்; இஎஸ்ஐ எண் தெரியாவிட்டால் காண்டிராக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.