ஆலைக்கு யார் கடன் தருகிறார்கள்?

தொழில் வளர இயந்திரக் கடன் மட்டும் போதாது. மூலப்பொருள் வாங்க, கூலி கொடுக்க நடைமுறை மூலதனமும் வேண்டும். அதற்கு வங்கி கைவிரித்தால் ஆலைகள் நம்மிடம்தான் கடனுக்குச் சரக்கு எடுக்கின்றன. வங்கி தர வேண்டிய கடனை நாம் தருகிறோம், அதுவும் வட்டியில்லாமல்!

1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பின் சிறுதொழிலுக்குக் கடன் பெருகியது. 2021 ஜூலையில் மத்திய அரசு வணிகர்களை மீண்டும் ‘உத்யம்’ பதிவில் சேர்த்தது. ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்குரிய பாக்கியை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அந்தப் பாதுகாப்பை இந்த உத்தரவு நமக்குத் தரவில்லை.

ஆகவே அன்பர்கள் தவணை நாளைப் பில்லிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கவும். 90 நாளைத் தாண்டிய வரவுப் பாக்கியை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. நாம் எடுக்கக்கூடிய ரொக்கக் கடனும் அந்த அளவுக்குக் குறையும்.