உஷார்! பாஸ்புக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா?

வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், காரியம் முடிந்த கையோடு வங்கிக்குப் போய் மிச்சப் பணத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்! முதலில் பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாங்கி, மே கடைசி, ஜூன் மாத வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் வர வேண்டும். நடுவில் சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம் 342, 228, 114 என்றும் பிடித்திருப்பார்கள். (சேர்ந்த முதல் 30 நாளுக்குள் இறந்தால், விபத்தாக இருந்தால்தான் கிடைக்கும்.)

20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. அதற்குத் தனியாக 2 லட்சம். இரண்டும் இருந்து, விபத்தில் போயிருந்தால் 4 லட்சம்! கணக்குத் தொடங்கும்போது நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டதோடு சரி, இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. தெரியாதவர்கள் கேட்பதில்லை, கேட்காதவர்களுக்கு வங்கி தானாகக் கூப்பிட்டுக் கொடுப்பதும் இல்லை.

விபத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று கெஞ்சிக் கூத்தாடி பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் சாலை விபத்துக்கு எப்.ஐ.ஆரும் பரிசோதனை அறிக்கையும் இல்லாவிட்டால் பணம் நின்றுபோகும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டே ஆதாரம், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

உயிரோடு இருப்பவர்களும் கோட்டை விடுகிறார்கள். அந்த 20 ரூபாய் காப்பீட்டில், விபத்தில் ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் பார்வை போனால் 1 லட்சம் உண்டு. செத்தால்தான் இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு, கட்டோடு வீட்டில் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர்!

கணக்கு இருந்த கிளையிலேயே படிவம் வாங்கி, இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், வங்கிக் கணக்கு விவரத்தோடு முடிந்தவரை 30 நாளுக்குள் கொடுங்கள். நாள் தாண்டியிருந்தாலும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவருக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள். இதற்குக் கட்டணமே கிடையாது. தட்டிக்கழித்தால் 1800 180 1111 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொன்று: மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏறியதுமே துடைத்து எடுத்துவிடும் பெண்கள், மே மாதம் மட்டும் கணக்கில் 500 ரூபாயாவது விட்டுவையுங்கள். பிடிக்கப் பணம் இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் காப்பீடே இல்லை. நாமினி யார் என்பதையும், பாஸ்புக் எங்கே இருக்கிறது என்பதையும் இன்றைக்கே வீட்டில் சொல்லிவையுங்கள்.