வெப்சைட் கட்டிப் பார் – 6: தட்டாஞ்சாவ

போன வாரம் ஹோஸ்டிங் வாங்கியதோடு நிறுத்தியிருந்தேன். மனை கிடைத்துவிட்டது. எந்த மொழியில் கட்டுவது? பிஎச்பியா, பைத்தானா, நோடா? அந்தப் பஞ்சாயத்துக்குப் போகும் முன் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் சின்ன யூனிட் ஒன்று. வாடிக்கையாளர்கள் பெட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் முகவரியையும் வெப்சைட்டிலேயே நிரப்பி ஆர்டர் போட வேண்டும், அதிலிருந்தே டெலிவரி லேபிளும் அச்சாக வேண்டும் என்று கேட்டார்கள். பிஎச்பியில் எழுதிக் கொடுத்தேன். ஊர்ப் பெயர் லேபிளை மீறி ஓடக் கூடாதென்று 30-ல் வெட்டச் சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில் தட்டாஞ்சாவடிக்கு 14 எழுத்து. அதைவிட நீளமான பெயர்களையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தன.

முதல் தமிழ் ஆர்டர் அதே பேட்டையில் இரண்டு ஷெட் தள்ளி இருந்தவரிடமிருந்து வந்தது. பிரின்டர் துப்பிய லேபிளில் ஊர்ப் பெயர்: தட்டாஞ்சாவ.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னா தம்பி, ஒன் கம்ப்யூட்டரு ஊரையே சாவச் சொல்லுது?"

நடந்தது இதுதான். பிஎச்பியில் சரத்தை நறுக்கும் சாதாரணக் கட்டளைக்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. அதோடு, யூனிகோடில் அகர வரிசை தவிர்த்த உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் தனி இடம் கிடையாது. 'டா' என்பது 'ட' ஒன்று, கால் ஒன்று. 'ஞ்' என்பது 'ஞ' ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிப் பிரித்தால் தட்டாஞ்சாவடி 12 துண்டு, 36 பைட். முப்பதாவது பைட்டில் கத்தி இறங்கியது. பத்துத் துண்டு பிழைத்தது, கடைசி 'டி' போயிற்று. எனக்கு அன்றைக்கு நேரம் அப்படி. 29-லோ 31-லோ வெட்டியிருந்தால் ஒரு துண்டு நடுவில் அறுபட்டு, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்தச் சின்னம் வந்திருக்கும். ஏதோ கோளாறு என்று பார்ப்பவர்கள் விட்டிருப்பார்கள். சரியாக 30-ல் விழுந்ததால் சுத்தமான தமிழில் சாபம் அச்சானது.

ஒன்றாம் வகுப்புக் குழந்தை விரல் விட்டு எண்ணினால் த, ட், டா, ஞ், சா, வ, டி: ஏழு. பைத்தான் 3, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி மூன்றும் 12 என்று சொல்லும். கோ மொழியைக் கேட்டால் பிஎச்பி மாதிரியே 36. ஏழு என்று தானாகச் சொல்ல இவர்களில் ஒருவருக்கும் வராது. தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்ற டேஸ்-16 குறியாக்கத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் உண்டு. அதில் இந்தப் பெயர் ஏழேதான். ஆனால் இணையம் அந்தப் பக்கம் போகவில்லை. போகாததில் எனக்கு வருத்தமில்லை. உலகமெல்லாம் ஒரு பாதையில் போகும்போது நாம் மட்டும் தனிப்பாதை போட்டால், அதற்குச் சுங்கம் கட்டுவதும் நாம்தான்.

அப்படியானால் பிஎச்பி தமிழுக்கு ஆகாத மொழியா? விக்கிப்பீடியாவின் கதை வேறு சொல்கிறது. 2001 ஜனவரியில் அது பிறந்தபோது ஓடியது யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரலில். பக்கங்களைச் சாதாரணக் கோப்புகளாகச் சேமிக்கும் எளிய ஏற்பாடு. கூட்டம் ஏற ஏற மூச்சு வாங்கியது. ஜெர்மானிய மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே பிஎச்பியையும் மைஎஸ்க்யூஎல்லையும் வைத்துப் புதிதாக எழுதிக் கொடுக்க, 2002 ஜனவரியில் அதற்கு மாறினார்கள். அதுவும் திணற, லீ டேனியல் குரோக்கர் அதே ஆண்டு ஜூலைக்குள் திரும்ப எழுதினார். இன்று மீடியாவிக்கி என்று அழைக்கப்படுவது அந்த வம்சம். ஒரே ஆண்டுக்குள் இரண்டு முறை திருப்பி எழுதியும் பிஎச்பியை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன் வளைகுடாவில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதியது இந்த பிஎச்பி நிரலுக்குள்தான். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்க்கும் நூலகம் தளத்துக்கும் அதே மீடியாவிக்கிதான். எழுத்தே தெரியாத மொழி எப்படி இத்தனை தமிழைத் தாங்கியது? தெரியாததாலேயே. பைட்டை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், அப்படியே திருப்பித் தருகிறது. தபால்காரர் கடிதத்தைப் படிக்க வேண்டியதில்லையே. நறுக்கவும் எண்ணவும் வரிசைப்படுத்தவும் சொல்லும்போதுதான் வம்பு. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைத் திருத்தி, இடைவெளிகூட விடாமல் தட்டாஞ்சாவடி என்று மட்டும் சேர்த்துச் சேமியுங்கள். வரலாற்றில் +36 என்று வரும். தமிழ்க் கட்டுரைகள் பைட் கணக்கில் கொழுத்துத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

பிஎச்பிக்காரர்கள் இதைச் சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-ல் தன் சொந்தப் பக்கத்துக்காகச் செய்த கருவி அது. பெயரே முதலில் 'பர்சனல் ஹோம் பேஜ்' என்பதன் சுருக்கமாகத்தான் இருந்தது. உலக எழுத்துகளையெல்லாம் உள்ளுக்குள்ளேயே புரிந்துகொள்ளும்படி பிஎச்பி 6 என்று ஒன்றைத் திட்டமிட்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். பாரம் தாங்கவில்லை, 2010-ல் கைவிட்டார்கள். அதற்குள் அந்தப் பதிப்புக்குப் பாடப் புத்தகங்களே அச்சாகிவிட்டன! குழப்பம் வேண்டாமென்று எண் 6-ஐயே தாண்டி 2015 டிசம்பரில் 7 வந்தது. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்த கதை கேட்டிருக்கிறோம், பாடப் புத்தகம் போட்டதை இங்கேதான் பார்க்கிறேன்.

ஆக, பிஎச்பியில் மூன்று தராசு இருக்கின்றன. சாதாரணக் கட்டளைகள் பைட்டை எண்ணும். 'எம்பி' என்று தொடங்குபவை துண்டுகளை எண்ணும். 'கிராஃபீம்' என்று தொடங்குபவை நாம் எண்ணுவதுபோல் எழுத்தை எண்ணும். எம்பி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆறில் வெட்டிப் பாருங்கள், 'தட்டாஞ' என்று புள்ளியைத் தின்றுவிட்டு நிற்கும். மூன்றாவதை எடுத்தால் 'தட்டாஞ்சாவ' வருவது ஆறு எழுத்து மட்டும் கேட்டால்தான். அதிலும் 'க்ஷ'வை இரண்டாகத்தான் எண்ணும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று தராசும் முன்பே இருந்தன. நான் எடுத்தது தப்பான தராசு. மொழியின் மேல் பழி போட எனக்கு வாயில்லை.

வரிசையும் இப்படித்தான். அகராதியில் மயில் முன்னே, மனம் பின்னே. னகரம் நமக்குக் கடைசி மெய். வெறுமனே அடுக்கச் சொன்னால் மனம் முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்த வீடு. பைத்தானிலும் இதே கதி. தமிழ் வரிசை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். பிஎச்பியில் அதற்கு 'இன்டில்' என்ற நீட்சி. உங்கள் ஹோஸ்டிங்கில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். கிராஃபீம் கட்டளைகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த யூனிட்டின் தளத்தை மாற்றி எழுதவில்லை. சக நண்பர்கள் நோடில் எழுதச் சொன்னார்கள். நோட் 2009-ல் வந்தது, வேகமானது, உலாவியில் ஓடும் அதே ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் அது ஒரு அணையா அடுப்பு. எப்போதும் எரிய வேண்டும். நடுராத்திரி அணைந்தால் மூட்டிவிட ஓர் ஏற்பாடு வேண்டும். பிஎச்பி வழக்கமாக ஓடும் விதம் வேறு. ஒருவர் பக்கத்தைக் கேட்டால் நிரல் புதிதாகத் தொடங்கி, பதிலைக் கொடுத்து, முடிந்துவிடும். ஒருவரின் ஆர்டரில் பிழை வந்தால் அந்த ஆர்டரோடு போச்சு. அடுத்தவருக்குத் தெரியவே தெரியாது. நொடிக்கு நொடி பேசிக்கொள்ளும் அரட்டைத் தளம் என்றால் நோடுக்குத்தான் என் ஓட்டு. கட்டுரையும் படமுமாகச் செய்தித்தளம் என்றால் ஜாங்கோவை மறுக்க மாட்டேன். அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், அச்சுக்குப் போகும் அவசரத்துக்கு நடுவே பிறந்த பைத்தான் சட்டகம் அது, 2005-ல் வெளியே வந்தது. பெட்டி ஆர்டர் நாளைக்கு இருபதோ முப்பதோ. இதற்கு எதற்கு ராஜபாட்டை?

இன்னொன்றும் உண்டு, என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் காரணம். அங்கே ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் பையன் கல்லூரியில் பிஎச்பி படித்தவன். நான் ஊரில் இல்லாத நாளில் கோப்பைத் திறந்து பார்க்கப் போவது அவன்தான். வெட்டும் வரியை அவனையே திருத்தச் சொன்னேன். திருத்திவிட்டு, தன் கிராமத்தின் பெயரைப் போட்டு லேபிள் எடுத்துப் பார்த்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறுநாள் லேபிளில் தட்டாஞ்சாவடி முழுசாக வந்தது. பழையதை முதலாளி தூக்கிப் போடவில்லை. பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். பில் பணம் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என்னை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அடுத்த வாரம் டேட்டாபேஸ்: வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் ஒரே இரவில் கேள்விக்குறிகளாக மாறிய கதை.

(தொடரும்)