மிக்காடோ என்னும் நகைச்சுவை இசை நாடகம்

மேனாட்டார் ‘ஓப்பரா’ என்று வழங்குவதை நாம் இசை நாடகம் எனலாம். அவற்றுட் பல கண்ணீரிலும் சாவிலும் முடிவன. ஆயினும், மக்கள் வயிறு குலுங்கச் சிரிப்பதற்கென்றே எழுந்தவையும் உண்டு. அவற்றுள் ஒன்று, 1885ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் இலண்டன் மாநகரில் அரங்கேறிய ‘மிக்காடோ’. உரையாடலும் பாட்டும் எழுதியவர் கில்பர்ட், இசையமைத்தவர் சல்லிவன், மேடையேற்றியது டொய்லி கார்ட் என்பாரின் குழு.

அக்குழுவின் சவாய் அரங்கைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1881இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கு, முழுவதும் மின்விளக்கால் ஒளியூட்டப்பெற்ற முதற் பொதுக் கட்டடம் என்பர். புதிய விளக்கு தீயை மூட்டிவிடுமோ என்ற அச்சம் மக்களுக்கு இருந்தது. டொய்லி கார்ட், எரியும் விளக்கொன்றை மெல்லிய துணியால் மூடி, அவையோர் காண மேடையிலேயே உடைத்தார். துணி தீப்பற்றவில்லை.

இனி கதைக்கு வருவோம். சப்பானில் திட்டிப்பு என்றோர் ஊர். காதற் குறிப்போடு கண் சிமிட்டினாலும் தலை போகும் என்பது மன்னராகிய மிக்காடோவின் ஆணை. ஊரார் ஓர் உபாயம் செய்தனர். அடுத்து வெட்டுண்ண வேண்டிய கோ-கோ என்னும் தையற்காரனையே தலை வெட்டும் பெரிய அதிகாரியாக்கினர். தன் தலையை வெட்டிக்கொள்ளாமல் பிறர் தலையை அவன் எங்ஙனம் வெட்டுவான்? தையற்காரனின் கீழ்ப் பணி செய்வதா என்று மற்ற அதிகாரிகள் அனைவரும் விலகினர். பூ-பா என்பவர் மட்டும் அத்தனை பதவிகளையும் தாமே ஏற்றார், அத்தனை சம்பளங்களையுந்தான்! கோ-கோ தன் திருமணச் செலவைப் பற்றிக் கேட்கிறான். செயலாளர் என்ற முறையில், ஊர்ப்பணந்தானே, தாராளமாகச் செலவிடுக என்கிறார் பூ-பா. நிதியமைச்சர் என்ற முறையில், சிக்கனம் வேண்டும் என்கிறார். இத்தகைய அதிகாரிகள் எந்நாட்டில்தான் இல்லை?

கில்பர்ட் கண்டிப்பு மிக்கவர். மேடையின் சிறு வடிவத்தை வீட்டிலேயே அமைத்து, மரக்கட்டைகளை நடிகர்களாக நகர்த்திப் பார்த்த பின்னரே ஒத்திகைக்கு வருவார். நடிகர் எவரும் தம் விருப்பப்படி ஒரு சொல்லையும் கூட்டுதல் ஆகாது. அத்தகையவர் இறுதி ஒத்திகைக்குப் பின் மிக்காடோ மன்னர் பாடும் பாட்டை நீக்கிவிட்டார். பின்வரிசையில் நின்று பாடும் குழுப்பாடகர்கள் ஒன்றுகூடி, அப்பாட்டு வேண்டும் என்று அவரை வேண்டினர். அவரும் இசைந்தார். நாடகத்தின் புகழ் பெற்ற பாட்டுகளுள் அஃதும் ஒன்றாயிற்று. பெயர் வெளிவராத அப்பாடகர்களை நாம் வியக்கிறோம். நாடகம் தொடர்ந்து 672 முறை நடைபெற்றது.

கில்பர்ட் எள்ளி நகையாடியது தம் ஆங்கிலேய அதிகாரிகளையே; சப்பான் வெறும் போர்வைதான். ஆனால் போர்வையும் பிறருடைய உடைமையன்றோ? 1907இல் சப்பானிய இளவரசர் இங்கிலாந்துக்கு வந்தபோது, அவர் மனம் நோகலாகாதென்று அரசே இந்நாடகத்தைச் சில வாரங்கள் தடை செய்தது. 2015இல் நியூயார்க்கு நகரக் குழு ஒன்று இதனை மேடையேற்ற முனைந்தபோது, தங்கள் தோற்றத்தையும் பெயரையும் கேலிக்கு உள்ளாக்குகிறது என்று ஆசிய வழிவந்த அமெரிக்கர் எதிர்த்தனர். குழு நாடகத்தைக் கைவிட்டது. நம் தோட்டத்து மக்களின் பேச்சையும் உடையையும் பிறர் மேடையில் கேலியாகக் காட்டினால் நம் நெஞ்சு எவ்வாறு வருந்தும் என்பதை எண்ணினால், அவர்தம் மனக்குறை நமக்குப் புரியும். எனினும், நாடகத்தையே புதைத்துவிடுவதும் நமக்கு உடன்பாடன்று.

1986இல் ஆங்கிலத் தேசிய இசை நாடகக் குழுவுக்காக சொனாதன் மில்லர் என்னும் இயக்குநர் வேறு வழி கண்டார். சப்பானிய உடையும் விசிறியும் அகன்றன. வெண்ணிறம் தோய்ந்த ஆங்கிலேய விடுதி ஒன்று களமாயிற்று. நடிகர்கள் ஆங்கில உடையிலேயே தோன்றினர். பாட்டும் இசையும் அவையே. பூ-பா அப்போதும் எல்லாச் சம்பளங்களையும் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அமைப்பு அதன்பின் பலமுறை மேடையேறியது.