எலிக்கு வந்த ஆந்தை, தீவுக்கு வந்த வினை

பீடோர், தெலுக் இந்தான், பாகான் டத்தோ என்று பேராக் மாநிலத்தின் செம்பனைத் தோட்டங்களைக் கடந்து போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். மரங்களுக்கு நடுவே ஓர் உயரமான கம்பம். அதன் உச்சியில் பலகையால் செய்த பெட்டி. முன்பக்கம் ஒரு துவாரம். புறாக்கூடு என்று நினைத்தால் தவறு. அது ஆந்தைக்காகத் தோட்ட நிர்வாகம் கட்டிக் கொடுத்த வீடு.

பால்மரம் சீவிய காலத்தில் இந்தப் பறவைக்கு லயத்தில் மரியாதை கிடையாது. இரவில் அது அலறினால் யார் வீட்டிலோ துக்கம் என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். 'சாவுக்குருவி' என்பது அதற்கு வைத்த பெயர். மலாய்க்காரர்கள் 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப் பறவை என்றார்கள். நல்ல தமிழில் இதன் பெயர் கூகை. வெள்ளை முகமும் வெளிர்ந்த வயிறும் கொண்ட இந்தக் கூகைக்குத்தான் இப்போது வாடகை இல்லாத வீடு.

காரணம் எலி. ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியபோது எலிகளுக்குக் கொண்டாட்டம் ஆயிற்று. எண்ணெய் நிறைந்த பழம் ஆண்டு முழுவதும் குலை குலையாகக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? முன்பெல்லாம் மலாயாவில் அபூர்வமாகத்தான் கூகை தென்பட்டது. 1960களின் இறுதியில் ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது குஞ்சு பொரித்தது பதிவாயிற்று. எலிகளைத் தேடி அது தானாகவே பெருகியது. ஒரு ஜோடி கூகையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்கின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டதும் தோட்டங்கள் பெட்டி கட்டத் தொடங்கின. கடுமையான எலி விஷம் வைத்த இடங்களில் விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் செத்தது. அதனால் விஷத்தைக் குறைத்துக் கூகையை நம்புவது சிக்கனமான வழியாயிற்று.

இதுவரை கதை நல்ல கதைதான். எலிக்கு ஆந்தை நல்லது என்றால் உலகில் எலித் தொல்லை உள்ள எல்லா இடத்துக்கும் ஆந்தையைக் கொண்டு போகலாமே என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் இருந்தார்கள். விபரீதம் அங்கேதான் தொடங்கியது.

சேஷல்ஸ் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. இந்தியப் பெருங்கடலில் உள்ள தீவுக் கூட்டம். தலைநகர் விக்டோரியாவில் தமிழர்கள் எழுப்பிய அருள்மிகு நவசக்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. அந்தத் தீவுகளில் தென்னையை எலி நாசம் செய்தது. 1950ஆம் ஆண்டை ஒட்டி, எலியைப் பிடிக்கட்டும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து கூகைகளைக் கொண்டு வந்து விட்டார்கள். நம் தோட்டத்துக் கூகைக்கு நெருங்கிய உறவுதான் அது.

அந்தத் தீவுகளில் தூய வெள்ளை நிறத்தில் ஆலா என்னும் கடற்பறவை ஒன்று உண்டு. அது கூடு கட்டாது. வெறும் கிளையில், சிறு பள்ளம் பார்த்து, ஒரே ஒரு முட்டை இடும். நிலா வெளிச்சத்தில் வெள்ளைப் பறவை பளிச்சென்று தெரியும். புதிதாக வந்த கூகை சந்து பொந்துகளில் ஓடும் எலியைத் துரத்துவானேன்? கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஆலாவைத் தூக்கிச் சென்றது. பிறகு அரசாங்கமே கூகையைச் சுடுவோருக்குப் பணம் கொடுக்கும் நிலை வந்தது.

ஒரே பறவை. இங்கே நண்பன், அங்கே எமன். குற்றம் பறவையுடையதல்ல என்பதைப் புரிந்து கொள்ள, தீவு உயிர்கள் எப்படி வாழ்ந்தன என்பதைப் பார்க்க வேண்டும்.

நம் காட்டு எலியோ காட்டுக்கோழியோ பாம்பு, உடும்பு, மூசாங், காட்டுப் பூனை என்று எத்தனையோ எதிரிகளுக்கு நடுவே பரம்பரை பரம்பரையாகப் பிழைத்து வந்தவை. சத்தம் கேட்டால் ஓட வேண்டும், குட்டிகளை ஒளிக்க வேண்டும், நிறையப் பெற வேண்டும் என்ற பாடம் அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. நடுக்கடல் தீவில் இந்தப் பாடம் நடத்த ஆளே இல்லை. கரையிலிருந்து நீந்தி வரப் பூனையால் முடியாது. ஆகவே அங்குள்ள பறவை தரையில் முட்டையிட்டது. சிலவற்றுக்குப் பறப்பதே மறந்து போனது. ஆபத்து வந்தால் ஓடாமல் அப்படியே நிற்கும் பறவைகளும் உண்டு. ஆண்டுக்கு ஒரு குஞ்சு போதும் என்ற நிதானமான வாழ்க்கை. அந்த வீட்டுக்குள் கதவைத் திறந்து ஒரு வேட்டை விலங்கை விட்டால் என்ன நடக்கும்?

நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில் 1894ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் அமைந்தது. வேலைக்கு வந்தவர்களோடு பூனையும் வந்தது. அங்கே மட்டுமே மிஞ்சியிருந்த, பறக்காத ஒரு குட்டிப் பறவையைப் பூனை வீட்டு வாசலுக்குக் கவ்விக்கொண்டு வந்தபோதுதான் அப்படி ஓர் இனம் இருப்பதே அறிஞர்களுக்குத் தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த இனமே இல்லை. ஒரே பூனை செய்த வேலை என்று கதை சொல்வார்கள். உண்மையில் அந்தப் பூனையின் சந்ததி பெருகித் தீவெங்கும் திரிந்தது. அவற்றை ஒழித்து முடிக்க 1925 வரை ஆயிற்று.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று தள்ளிவிட வேண்டாம். இப்படிக் கொண்டு வந்து விட்ட உயிர் ஒன்று தினமும் நம் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கரைகிறது.

கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் ஊர்க்காக்கை மலாயாவின் பூர்வீகப் பறவை அல்ல. 1890களில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பிச் செடியைக் கம்பளிப்புழு மொட்டையடித்தது. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். துரைமார் சிலரும் தமிழ்த் தொழிலாளர் பலரும் வந்த அதே கடல்வழி. சில ஆண்டுகளில் காப்பி விலை சரிந்தது, ரப்பர் வந்தது. காப்பியும் போயிற்று, புழுவும் போயிற்று. காக்கை மட்டும் போகவில்லை. துறைமுகம், சந்தை, குப்பை மேடு என்று மனிதர் இருக்கும் இடமெல்லாம் பரவி, மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று வளர்ந்தது. பின்னாளில் அதைச் சுட நகராட்சிகள் துப்பாக்கிக்காரர்களை அழைக்க வேண்டியதாயிற்று.

இங்கே தமிழர் மனத்தில் ஒரு சங்கடம் எழுவது இயல்பு. அமாவாசைக்குச் சோறு வைத்து 'கா கா' என்று அழைத்துவிட்டு, அதே காக்கையைச் சுடச் சொல்வதா? நியாயமான கேள்வி. ஆனால் முன்னோருக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றால் காக்கை பெருகவில்லை. மூடாத குப்பைத் தொட்டியால் பெருகியது. குப்பையை ஒழுங்காகக் கட்டினால் துப்பாக்கிக்கு வேலை குறையும். ஏமன் நாட்டுக்கு உட்பட்ட சொக்கோத்ரா தீவில் 1996இல் இதே ஊர்க்காக்கை வந்து சேர்ந்தது. எண்ணிக்கை சிறிதாக இருந்தபோதே விழித்துக்கொண்டார்கள். கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து வந்தவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். மிஞ்சியவற்றைச் சுட்டு, 2009இல் காரியத்தை முடித்தார்கள். நூறு ஆண்டு தாமதித்த கிள்ளானில் அது கனவிலும் நடக்காது.

கீரியின் கதையும் இதே கதைதான். பாம்பைக் கொல்லும் வீரன் என்று நம் கதைகளில் பெயர் பெற்ற கீரியை ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் 1979இல் ஏறத்தாழ 30 என்ற எண்ணிக்கையில் விட்டார்கள். அங்குள்ள ஹாபு என்ற நச்சுப் பாம்பை ஒழிக்கும் என்பது எண்ணம். கீரி பகலில் திரியும். ஹாபுவோ இரவில் வரும். இரண்டும் சந்திக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கீரி அங்கு வாழும் கருநிற முயலையும் தவளைகளையும் வேட்டையாடி, 2000ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 10,000 ஆகப் பெருகியது.

ஈப்போவுக்குத் திரும்புவோம். கடலே இல்லாத ஈப்போவில் தீவுகள் உண்டு என்றால் சிரிப்பு வரும். ஆனால் உண்டு. தைப்பூசத்துக்குக் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் அந்தச் சுண்ணாம்புக் குன்றும் அதன் அக்கம்பக்கத்துக் குன்றுகளும் உயிரியல் அறிஞர் கண்ணுக்குத் தீவுகளே. ஈயச் சுரங்கமும் வீடமைப்பும் சூழ்ந்த சமவெளியில் தனித்தனியாக நிற்கும் பாறைகள். சுண்ணாம்பு இல்லாமல் ஓடு வளராத சின்னஞ்சிறு நத்தைகள் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போக முடியாது. ஆகவே குன்றுக்குக் குன்று தனி இனம். செம்மோருக்கு அருகில் உள்ள குனோங் கந்தான் குகையில் வாழும் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றுக்கு 2015இல்தான் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அந்தக் குன்றின் பெயரே அதற்கும் பெயர்.

இந்தக் குன்றுகளுக்கு முதல் எதிரி கல்லுடைப்புதான். அதில் ஐயமில்லை. என்றாலும் தாஹித்தி, மூரியா தீவுகளில் நடந்ததை ஈப்போக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கீரைப் பாத்தியை ஒரே இரவில் காலி செய்யும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதே நத்தை பசிபிக் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதைத் தின்ன அமெரிக்காவிலிருந்து ஒரு வேட்டை நத்தையை இறக்கினார்கள். தாஹித்தியில் 1974, மூரியாவில் 1977. வேட்டை நத்தை பெரிய ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, விரல் நுனி அளவே உள்ள உள்ளூர் மர நத்தைகளைத் தேடித் தேடித் தின்றது. பத்தே ஆண்டுகளில் மூரியாவின் காட்டில் அந்த நத்தை ஒன்றுகூட இல்லை. முன்யோசனை உள்ள சிலர் கடைசி நத்தைகளை எடுத்துப் போய் லண்டன் போன்ற நகரங்களின் மிருகக்காட்சிச் சாலைகளில் வளர்த்தார்கள். அவற்றின் வாரிசுகளை 2015 முதல் தீவுகளுக்குத் திருப்பிக் கொண்டு போய் விடுகிறார்கள்.

வெளியிலிருந்து எந்த உயிரையும் கொண்டு போகவே கூடாது என்பதா? அப்படியும் சொல்வதற்கில்லை. கிறிஸ்துமஸ் தீவின் சிவப்பு நண்டுகளை ஒரு வகை மஞ்சள் எறும்பு கோடிக்கணக்கில் கொன்றது. அந்த எறும்புக்குத் தேன் போன்ற சாற்றைத் தருவது ஒரு செதில் பூச்சி. அந்தப் பூச்சியைக் குறைக்க, மலேசியாவில் இயற்கையாக வாழும் இரண்டு மில்லிமீட்டர் குளவியை ஆஸ்திரேலியர் தேர்ந்தெடுத்தார்கள். நமது மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் துணையோடு, அது வேறு எதைத் தாக்கும், எதைத் தாக்காது என்று ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகே 2016 டிசம்பரில் விட்டார்கள். காக்கையைக் கப்பலேற்றிய துரைமார் இப்படி ஒரு சோதனையும் செய்ததாகத் தெரியவில்லை.

பங்கோர் தீவு சேஷல்ஸ் அல்ல. கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் அது தீபகற்பத்தோடு ஒட்டியிருந்த நிலம். பாம்பும் உடும்பும் அங்கே முதலிலிருந்தே உண்டு. தெலுக் நிப்பாவில் மாலையில் பழம் வாங்கித் தின்ன வரும் இருவாட்சிப் பறவையும் மரப் பொந்தை அடைத்துக்கொண்டு முட்டையிடுவதால் ஓரளவு தப்பிக்கும். ஆனாலும் சுமார் 18 சதுர கிலோமீட்டர் தீவில் பல்லிக்கும் அரணைக்கும் சிறு பறவைக்கும் ஓடி ஒளிய எவ்வளவு இடம் இருக்கிறது? தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடிக்கு மாறியபோது நாயையும் பூனையையும் விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் பல. 'எங்கேயாவது மீன் கிடைக்கிற இடத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்' என்ற இரக்கத்தோடு செய்யும் அந்தக் காரியத்தைத் தீவில் செய்தால், பூனை பிழைத்துக்கொள்ளும், வேறொன்று செத்துப் போகும். பூனையைக் கொல்லச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கருத்தடை செய்து வீட்டில் வைத்துச் சோறு போடுவதற்குக் கொலை தேவையில்லை. கொலை தேவைப்படுவது, காலம் கடந்த பிறகு.

எவ்வளவு காலம் என்பதற்கு அமாமி ஓஷிமாவே சாட்சி. அங்கே கடைசிக் கீரி பொறியில் சிக்கியது 2018இல். அதன்பிறகும் மோப்ப நாய்களையும் தானியங்கிக் கேமராக்களையும் வைத்து ஆறு ஆண்டு தேடிய பிறகே, 2024 செப்டம்பரில், கீரி ஒழிந்தது என்று ஜப்பான் அரசாங்கம் அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் எலி இறங்கியது 1918இல், தரைதட்டிய ஒரு கப்பலிலிருந்து. எலியைப் பிடிக்க 1920களில் அங்கும் ஆந்தையை வரவழைத்தார்கள். ஆந்தை எலியையும் தின்றது, பறவையையும் தின்றது. நூறு ஆண்டு கழித்து, 2019இல், எலி ஒழிப்பு மாபெரும் அளவில் நடந்தது. வரவழைத்த ஆந்தைகளையும் சேர்த்தே அப்புறப்படுத்தினார்கள். சில நூறாக இருந்த பறக்காத கானாங்கோழி சில ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டியது. ஆனால் 2021இல் ஒரு நாள் மாலை, தீவுவாசி ஒருவர் சாலையைக் கடக்கும் ஓர் எலியைப் பார்த்துவிட்டார். நாய்களும் ஆட்களும் மறுபடியும் காட்டுக்குள் இறங்கினார்கள்.