மேரி எழுந்துவிட்டது... மேயரைத்தான் காணோம்!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் ஓடாது. மொத்தச் சாலையும் நடக்கிறவர்களுக்குத்தான். காந்தி சிலையில் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால், கடலைப் பார்த்தபடி நீளமாக நிற்கும் ஒரு கட்டடத்தின் முன்னால் அடுத்த செல்ஃபி. அதன் பெயர் 'மேரி'. மாதா கோயில் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சில் மேயர் அலுவலகத்தை 'மேரி' என்பார்கள். அதுவே நம்மூர் வாயிலும் பெயராக நிலைத்துவிட்டது.

1870-71ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது இது. 1880ல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்து நகரசபை முறையைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் பிறந்ததும், கல்யாணம் செய்ததும், இறந்ததும் நகரசபைப் பதிவேட்டில் ஏறின. சும்மா ஏதோ பழைய காகிதம் என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாது. 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்கள் வீட்டில் தாத்தாவின் பிறப்புச் சான்று, பேரனின் பாஸ்போர்ட் வரைக்கும் பேசும்!

அப்படிப்பட்ட மேரி, 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் இடிந்து விழுந்தது. ஒரே நாளில் நடந்த விபத்து என்று சொல்லிவிடலாம். ஆனால், பழைய கட்டடங்கள் அப்படி விழுவதில்லை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர், மர உத்தரங்கள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் தளம் என்பதுதான் இந்த ஊர்ப் பழைய வீடுகளின் கட்டுமானம். தளத்தில் விரிசல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். உத்தரம் சுவரில் பதிந்திருக்கும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். உப்புக் காற்று வேறு. வருடா வருடம் யாராவது மொட்டைமாடி ஏறிப் பார்த்து, விரிசலை அடைத்து, சுண்ணாம்பு பூசினால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். நாலைந்து மழைக்காலம் கண்டுகொள்ளாமல் விட்டால் போச்சு. கடலோர ஊரில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் ஒழுகலைக் கவனிக்கிற வேலைதான்.

பிறகு உலக வங்கி உதவியுடனான கடலோரப் பேரிடர் தடுப்புத் திட்டத்தில், சுமார் 15 கோடி ரூபாயில், அதே தோற்றத்தில் மேரியைத் திரும்பக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார்.

கட்டடம் வந்துவிட்டது. அதற்குள் உட்கார வேண்டியவர்கள்?

இங்கேதான் கதை கொஞ்சம் சங்கடமாகிறது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006ல். நடுவே 38 ஆண்டுகள்! அப்படித் தேர்வானவர்களின் பதவிக்காலமும் 2011ல் முடிந்துபோனது. அடுத்த பத்தாண்டுகளில் தேர்தலே நடக்கவில்லை. மேரி விழுந்தபோதும் கவுன்சில் இல்லை, திறந்தபோதும் இல்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 74வது திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. 2021 அக்டோபரில் நடத்துவதாக அறிவித்தார்கள். வார்டு இட ஒதுக்கீடு தொடர்பான சிக்கலில் வழக்கு, நீதிமன்றம் என்று போய் அதுவும் நின்றது. மேயர் பதவிகூட பழைய கதைதான். 1973 சட்டப்படி இங்கே நகராட்சித் தலைவர் மட்டுமே. மேயராக இருந்து பின்னாளில் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் இன்றும் அந்தக் கடற்கரைச் சாலைக்கு இருக்கிறது.

கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன, அதிகாரிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். குப்பை அள்ளவும் வரி வசூலிக்கவும் அதிகாரிகள் போதும். ஆனால், நம் தெருவில் திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த ஒரு வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பப் போகிறார்கள் என்றால், தெருக்காரர்கள் யாரிடம் போய் நிற்பது? 1990களில் இன்டாக் அமைப்பு பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. அதில் இருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இப்போது இல்லை. அதிகம் போனது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் மஞ்சள் சுவர் பிரெஞ்சுப் பகுதிக்கு ஹோட்டல்காரர்களின் பணமாவது வருகிறது. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பங்குள்ள முற்றத்து வீட்டுக்கு யார் செலவு செய்வார்கள்?

முடியாதது இல்லை என்பதற்கு அதே தமிழர் பகுதியில் சாட்சி உண்டு. கால்வே சுப்பராய செட்டி வீதி. ஊர்க்காரர்களுக்கு வைசியாள் வீதி. ஐரோப்பிய ஆணையத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 முதல் 2004 வரை இதன் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். திண்ணைகளும் தெருவைப் பார்த்த மரத்தூண் தாழ்வாரங்களும் பழைய முகம் பெற்றன. 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்றும் கிடைத்தது.

அடுத்த முறை புதுச்சேரி போனால் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். வாய்க்காலைத் தாண்டி இந்த வீதிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். காலையிலேயே போனால் நல்லது, வெயில் ஏறிவிட்டால் நடக்க முடியாது. அங்கே வீடுகளில் குடும்பங்கள் இருக்கின்றன, எனவே கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.